வாடிக்கையாளரை ஓனராக்கிய வ.உ.சி. - தூத்துக்குடி கப்பல் கம்பெனியின் கதை

முதல் ஆர்டருக்கு டெலிவரி ஃப்ரீ. முதல் மூணு ரைடுக்குப் பாதிக் கட்டணம். தினமும் காலையில் போனை எடுத்தால் இப்படி நாலு நோட்டிஃபிகேஷனாவது வந்து கிடக்கும். பெரிய கம்பெனி நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு விலையைக் குறைக்கும். எதிரில் இருக்கும் சின்ன கம்பெனி மூச்சு முட்டி மூடிவிட்டுப் போகும். அப்புறம் விலை பழையபடி ஏறும்.

இது ஆப் காலத்து ட்ரிக் என்று நினைத்தால் தப்பு. நூறு வருஷத்துக்கு முன்னாடியே தூத்துக்குடிக் கடற்கரையில் இது நடந்திருக்கிறது. கொழும்புக்கு டிக்கெட் ஃப்ரீ, கூடவே ஒரு குடையும் ஃப்ரீ! அந்த ஆஃபரைக் கொடுத்தது உலகின் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று. அவ்வளவு பெரிய கம்பெனியையே குடை கொடுக்கும் அளவுக்கு இறங்கிவர வைத்தவர் நம்ம ஊர் வக்கீல் ஒருவர்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது இரண்டே விஷயங்கள்தான். ஜெயிலில் இழுத்த செக்கு, 1961-ல் சிவாஜி நடித்த `கப்பலோட்டிய தமிழன்'. இரண்டும் சரிதான். ஆனால், அந்தச் செக்குக்கும் சினிமாவுக்கும் நடுவில் அதிகம் பேசப்படாத ஒரு வ.உ.சி. இருக்கிறார். ஒரு ஊரின் வியாபாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீங்கள் தொழில் செய்யும் முறையையே மாற்றுங்கள் என்று சொல்லி, மாற்றியும் காட்டிய வ.உ.சி. அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முத்து நம்ம கடலில், பங்கு யாருக்கு?

கதைக்குள் போவதற்கு முன் தூத்துக்குடியைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். முத்துநகரம் என்ற பேர் சும்மா வரவில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு பல நூற்றாண்டு காலத் தொழில். இடுப்பில் கயிறு, காலுக்குக் கல், கையில் சிப்பி அள்ளும் பை. மூச்சை அடக்கிக்கொண்டு பரதவ இளைஞர்கள் கடலுக்குள் இறங்குவார்கள். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுக்க வேண்டும். ஒரு நிமிஷம் அசந்தால் உயிர் போய்விடும். அதனால்தான் அந்தக் கயிற்றை மச்சானிடம் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. அக்கா தங்கச்சியின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று ஒரு கணக்கு.

ஆனால், அத்தனை பாடுபட்டு எடுத்த சிப்பியில் குளித்தவருக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. மீதி பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு. கடல் நம்முடையது, மூச்சு நம்முடையது, பெரும் பங்கு மட்டும் வேறு ஒருவருடையது.

கப்பல் விஷயத்திலும் இதே கதைதான். 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கிருந்து நீராவிக் கப்பல் ஏறி, ஒரு ராத்திரியில் கொழும்பு போய்ச் சேருவார்கள். பாம்பன் பாலமும் தனுஷ்கோடி வழியும் வந்தது 1914-ல்தான். அதுவரை தூத்துக்குடிதான் இலங்கைக்கு முக்கிய வாசல். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளர்கள், அரிசி, துணி, கருவாடு எல்லாம் இந்த வழியாகத்தான் போயின.

சரக்கு நம்ம வியாபாரிகளுடையது. பயணிகளும் நம்ம ஜனங்கள். ஆழம் இல்லாததால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். அதுவரைக்கும் சரக்கைப் படகில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களும் நம்ம ஆட்கள். ஆனால், கப்பல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. கட்டணத்தை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். வியாபாரிகள் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார்கள். அதை மாற்ற முடியும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. எந்தத் தொழிலிலும் இந்தப் பழகிப்போன மனசை மாற்றுவதுதான் பெரிய பாடு.

ஒட்டப்பிடாரத்து வக்கீல்

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் உலகநாதன் பிள்ளை - பரமாயி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தவர் சிதம்பரம். அப்பா வசதியான வக்கீல். மகனும் தூத்துக்குடியில் படித்து, கொஞ்ச நாள் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து, பிறகு திருச்சியில் சட்டம் படித்து வக்கீல் ஆனார். ஏழைகளுக்காக போலீஸை எதிர்த்து வழக்காடுகிற வக்கீல் என்று பேர் எடுத்தார். 1900 வாக்கில் தூத்துக்குடிக்கே வந்துவிட்டார்.

நல்ல வருமானம், நல்ல பேர், தமிழ் இலக்கியத்தில் ஆர்வம். அப்படியே வாழ்ந்திருந்தால் ஒரு பணக்கார வக்கீலாக நிம்மதியாக வாழ்க்கை முடிந்திருக்கும்.

1905 அக்டோபர் 16-ல் வங்காளத்தைப் பிரிட்டிஷ் அரசு இரண்டாகப் பிரித்தது. நாடு முழுக்க சுதேசி அலை கிளம்பியது. வெளிநாட்டுத் துணியைக் கொளுத்துங்கள், நம்ம பொருளை வாங்குங்கள் என்று மேடைக்கு மேடை பேச்சு. பல ஊர்களில் சுதேசி என்றால் துணியை எரிப்பதோடு சரி. வ.உ.சி. அதோடு நிற்கவில்லை. எரித்த துணிக்குப் பதில் எதை உடுத்துவது என்று யோசித்தார். தூத்துக்குடியில் நெசவுச் சாலை, சுதேசிப் பண்டகசாலை என்று ஆரம்பித்தார். ஒன்றை வேண்டாம் என்று சொல்பவர், அதற்கு மாற்றையும் தயார் செய்ய வேண்டும் என்பது அவருடைய வழி.

அந்த யோசனையின் உச்சம்தான் கப்பல்.

25 ரூபாய் இருந்தால் நீங்களும் ஓனர்

வங்கப் பிரிவினை நடந்து சரியாக ஒரு வருஷம். 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கு 25 ரூபாய் என்று வைத்தார்கள்.

இந்த 25 ரூபாயில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு மூன்று பணக்காரர்களைப் பிடித்து முதல் திரட்டுவது ஒரு வழி. அந்தப் பணக்காரர்கள் கையை விரித்தால் கம்பெனி அன்றோடு காலி. வ.உ.சி. பங்கின் விலையைச் சின்னதாக வைத்தார். கப்பலில் சரக்கு ஏற்றுகிற வியாபாரியே கப்பலின் பங்குதாரர் ஆகலாம். தன் கப்பல் இருக்கும்போது எவனாவது அடுத்தவன் கப்பலில் மூட்டை ஏற்றுவானா? வாடிக்கையாளரையே ஓனராக்கிவிட்டால் சந்தை தானாக வந்துவிடும் என்பது கணக்கு. இன்று கிரவுட் ஃபண்டிங் என்று நாம் சொல்வதற்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் வருகிற யோசனை. இந்தியர்கள் மட்டுமல்ல, இலங்கைக்காரர்களும் மற்ற ஆசியர்களும் பங்கு வாங்கலாம் என்று வாசலை அகலமாகத் திறந்து வைத்தார்கள்.

தலைவராக வந்தவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் தமிழ்ச் சங்கத்தை உருவாக்கியவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். அவர் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். வ.உ.சி. எடுத்துக்கொண்டது துணைச் செயலாளர் பதவிதான். கம்பெனியின் மூளையே அவர்தான். ஆனாலும், பேர் பலகையில் முதல் இடம் வேண்டும் என்று அவர் நிற்கவில்லை. ஜமீன்தாரின் மரியாதை, சேட்டின் பணம், வியாபாரிகளின் சரக்கு, தன் உழைப்பு என்று யார் யாரிடம் என்ன இருக்கிறதோ அதை ஒரே இடத்தில் சேர்த்தார்.

இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது. ஊர் ஊராகப் போய், கப்பல் என்பது வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களிடம் பணம் கேட்பது எப்படி இருந்திருக்கும்? ஒரு ரீல்ஸ் போட்டு பயோவில் லிங்க் கொடுக்கிற காலமா அது? ஒவ்வொரு பங்கும் ஒரு பேச்சு, ஒரு பயணம்.

வாடகைக் கப்பல் கற்றுக்கொடுத்த பாடம்

ஆரம்பத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயில் ஷா லைன் என்ற கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். முதல் வைக்காமல் சேவையை ஆரம்பித்துப் பார்க்கலாம் என்பது புத்திசாலித்தனம்தான். ஆனால், பிரிட்டிஷ் கம்பெனி நேராகக் கப்பல் சொந்தக்காரரை நெருக்கியது. வாடகை ஒப்பந்தம் அம்போ!

டிக்கெட் எடுத்த பயணிகள் காத்திருக்கிறார்கள். பங்கு வாங்கியவர்கள் பயந்துவிட்டார்கள். வ.உ.சி. கொழும்புக்குப் போய் அவசரத்துக்கு வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்தார். சேவை நிற்கவில்லை. ஆனால், ஒரு விஷயம் அவருக்குத் தெளிவாகிவிட்டது. அடுத்தவர் தயவில் ஓடுகிற தொழிலை யார் வேண்டுமானாலும் ஒரே நாளில் நிறுத்திவிடலாம். இனி சொந்தக் கப்பல்தான்.

பம்பாய்க்குக் கிளம்பினார். வந்தால் கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் அந்தக் கடலிலேயே விழுந்து சாவேன் என்று சபதம் செய்துவிட்டுத்தான் போனார். அந்த நேரத்தில் வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி மீனாட்சி கர்ப்பமாக இருந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இதைப் படிக்கும்போது நமக்கு மெய்சிலிர்க்கும். அந்த வீட்டில் இருந்த மீனாட்சி அம்மாளின் பக்கத்திலிருந்தும் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம். பெரிய மாற்றங்களின் செலவுக் கணக்கில் குடும்பத்தின் பங்கை யாரும் எழுதுவதே இல்லை.

சபதம் பலித்தது. எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று இரண்டு கப்பல்கள். 1907 மே மாதம் தூத்துக்குடியில் திருவிழாதான். ஒவ்வொரு கப்பலிலும் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகள் போகலாம். முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் தனி. ஆயிரக்கணக்கான மூட்டைகளையும் ஏற்றலாம். வ.உ.சி.யின் நண்பர் பாரதியார் தன்னுடைய `இந்தியா' பத்திரிகையில் கப்பல்கள் வந்ததைக் கொண்டாடினார். பல வருஷமாகக் கப்பலைத் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஊர், தன் கப்பலைப் பார்த்தது.

எட்டணா வெர்சஸ் குடை

இப்போது ஆரம்பித்தது விலைப்போர். பிரிட்டிஷ் கம்பெனி கொழும்புக்கான கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி கம்பெனி எட்டணா என்றது, அதாவது அரை ரூபாய். உடனே பிரிட்டிஷ் கம்பெனி டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறிக்கொள்ளுங்கள், ஒரு குடையும் தருகிறோம் என்று இறங்கியது.

அவர்களால் எப்படி முடிந்தது? காரணம் சிம்பிள். அந்தக் கம்பெனியின் கப்பல்கள் உலகத்தின் பல கடல்களில் ஓடின. தூத்துக்குடியில் விட்டதை வேறொரு துறைமுகத்தில் பிடித்துக்கொள்ளலாம். சுதேசி கம்பெனிக்கு அந்த வசதி இல்லை. இருப்பது இந்த ஒரு கடல், இந்த ஒரு வழி.

இதற்குச் சுமார் 13 வருஷத்துக்கு முன்பு ஜாம்ஷெட்ஜி டாடாவும் இதே அடியை வாங்கியிருக்கிறார். பஞ்சு, நூல் வியாபாரத்துக்கு பி அண்ட் ஓ கம்பெனி வாங்கிய சரக்குக் கட்டணம் தாங்காமல், 1890-களில் டாடா லைன் என்று சொந்தமாகக் கப்பல் விட்டார். பி அண்ட் ஓ கட்டணத்தைத் தடாலடியாகக் குறைத்தது. குறைந்த கட்டணத்தைப் பார்த்து வியாபாரிகளே அந்தப் பக்கம் சாய, டாடா லைன் மூடப்பட்டது. டாடாவையே சாய்த்த ஆயுதம்தான் தூத்துக்குடிக்கும் வந்தது.

ஆனால், இங்கே ஒரு வித்தியாசம். கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் ஜனங்கள் கப்பலைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊரே ஒரு பக்கம் நின்றது. வெள்ளைக்காரர்களுக்கு ஆதரவாக இருந்தவர்களுக்குச் சவரத் தொழிலாளர்கள் சவரம் செய்ய மறுத்தார்கள், சலவைத் தொழிலாளர்கள் துணி எடுக்க மறுத்தார்கள் என்றெல்லாம் அந்த நாள்களைப் பற்றிப் பதிவுகள் இருக்கின்றன. வ.உ.சி.யின் உண்மையான மூலதனம் 10 லட்சம் ரூபாய் அல்ல, இந்த மனமாற்றம்தான். ஆஃபர் கொடுப்பவனை அடுத்த ஆஃபர் வந்ததும் ஜனங்கள் விட்டுவிடுவார்கள். தங்களுடையது என்று நினைப்பதை அவ்வளவு சீக்கிரம் விடமாட்டார்கள்.

இருந்தாலும் அடி பலமான அடிதான். இலவசத்தோடு எத்தனை மாதம் போட்டி போட முடியும்? கம்பெனியின் கையிருப்பு கரையத் தொடங்கியது.

மில் வாசலில் ஒரு முதலாளி

1908 பிப்ரவரி. தூத்துக்குடி கோரல் மில்லில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மில் ஹார்வி சகோதரர்களுடையது. குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வாரத்தில் ஒரு நாள்கூட லீவு கிடையாது. கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் வேண்டும் என்பது கோரிக்கை. முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வ.உ.சி. அப்போது ஒரு கம்பெனியை நடத்துகிறவர். அந்தக் காலத்து வழக்கப்படி பார்த்தால் அவர் முதலாளிகள் பக்கம்தான் இருக்க வேண்டும். ஆனால், வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்தார், ஊரில் நிதி திரட்டினார், மாற்று வேலைக்கு ஏற்பாடு செய்தார். ஒன்பதே நாளில் மில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது. ஞாயிறு லீவும் கிடைத்தது.

வியாபாரியை ஓனராக மாற்றியவர், இப்போது தொழிலாளியைப் பேச்சுவார்த்தை மேஜைக்கு உட்கார வைத்துவிட்டார். கப்பலும் மில்லும் அவருக்கு வேறு வேறு விஷயமில்லை. உழைக்கிறவன் கையில் பங்கு வர வேண்டும். முத்துச் சிப்பிக் கணக்கை மாற்றி எழுத வேண்டும்.

அரசாங்கத்துக்கு இதைத்தான் பொறுக்க முடியவில்லை. கப்பல் ஓட்டுகிற வக்கீலைக்கூடச் சமாளித்துவிடலாம். ஊரையே திரட்டுகிற வக்கீலை வெளியே விட்டுவைக்க முடியாது.

கம்பெனிக்குள்ளும் கசப்பு முளைத்தது. அரசியலை விட்டுவிட்டுக் கப்பலை மட்டும் பாருங்கள் என்று அவரை நெருக்கினார்கள். அவர்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. போட்டவர்கள் பணம், அவர்களுக்கும் குடும்பம் உண்டு. கம்பெனியைக் காப்பாற்றத்தானே முதல் கடமை? ஆனால், அரசியல் இல்லாமல் அந்தக் கம்பெனிக்கு ஒரு பயணியாவது வந்திருப்பாரா? எட்டணா டிக்கெட்டை ஓட வைத்ததே அந்த உணர்ச்சிதான். எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுக் கப்பலை மட்டும் ஓட்டச் சொன்னால் எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

கயிற்றை விட்ட கைகள்

1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் உயிரிழந்தார்கள். தூத்துக்குடியில் கடைகள் அடைக்கப்பட்டன. கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக்காக அல்ல, தங்களுக்காக நின்றவருக்காக.

ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. ஆக மொத்தம் 40 வருஷம்! அப்போது அவருக்கு வயது 35. தீர்ப்பைக் கேள்விப்பட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு மனநிலை பாதிக்கப்பட்டது. கடைசிவரை அவர் குணமாகவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்தது என்றாலும், கோவைச் சிறையும் கண்ணூர்ச் சிறையும் அவருடைய நாலு வருஷத்துக்கு மேல் விழுங்கின. மாட்டுக்குப் பதில் அவரைச் செக்கில் பூட்டியது கோவையில்தான். அந்தச் செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

அந்தச் சிறைக்குள்ளும் அவர் சும்மா இருக்கவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் சின்ன நூல் ஒன்றை `மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். எண்ணம் எப்படியோ அப்படித்தான் வாழ்க்கை என்பது நூலின் சாரம். இன்று செல்ஃப் ஹெல்ப் புத்தகங்கள் அடுக்கடுக்காக விற்கின்றன. தமிழில் அந்த வரிசையின் ஆரம்பத்தில் நிற்கும் புத்தகங்களில் ஒன்று ஒரு கைதியின் கையெழுத்தில் பிறந்தது.

வெளியே கம்பெனி என்ன ஆனது? வ.உ.சி. இல்லாத சுதேசி கம்பெனி தள்ளாடியது. விலைப்போர் ஒரு பக்கம், அரசாங்கத்தின் நெருக்கடி ஒரு பக்கம், பயந்துபோன பங்குதாரர்கள் இன்னொரு பக்கம். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதைவிடக் கொடுமை, எஸ்.எஸ். காலியாவை அந்தப் போட்டிக் கம்பெனியிடமே விற்றுவிட்டார்கள். எதிரியிடம் விற்றதற்குப் பதில் சுக்குநூறாக உடைத்துக் கடலில் போட்டிருக்கலாமே என்று வ.உ.சி. மனம் நொந்ததாகச் சொல்வார்கள்.

கம்பெனியைக் கொன்றது இலவசக் குடையா? முழுசாக அப்படிச் சொல்லிவிட முடியாது. குடை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மாற்றம் ஒரே மனிதரின் தோளில் நின்றது. அவர் இருந்தவரை எல்லோருக்கும் துணிச்சல் இருந்தது. அவரைத் தூக்கியதும் துணிச்சலும் ஜெயிலுக்குப் போய்விட்டது. அடுத்து நடத்த ஆள் தயாராகவில்லை. கெட்ட காலத்துக்கென்று எடுத்து வைத்த பணமும் இல்லை. வ.உ.சி. மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போனார். மேலே கயிற்றைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக நழுவின.

வ.உ.சி.யின் திட்டத்தில் இருந்த ஓட்டை இது. அவரைக் கும்பிடுகிற அவசரத்தில் நாம் அதைப் பார்க்காமல் விட்டால் அவருக்கே அது பிடிக்காது.

347 ரூபாய் 12 அணா

1912 டிசம்பரில் விடுதலை. கைதான அன்று ஊரே திரண்டு எழுந்ததல்லவா? வெளியே வந்த அன்று சிறை வாசலில் காத்திருந்தவர்கள் சில பேர்தான். அவர்களில் ஒருவர் தொழுநோயால் உருக்குலைந்திருந்த சுப்பிரமணிய சிவா.

வக்கீல் சன்னது பறிபோய்விட்டது. சொந்த மாவட்டத்துக்குப் போகத் தடை. குடும்பத்தோடு சென்னையில் வாடகை வீடு வாடகை வீடாக மாறினார். அரிசி, எண்ணெய் வியாபாரம் செய்து பார்த்தார், கைகூடவில்லை. இரண்டு கப்பலைக் கொண்டுவந்தவர் மளிகைக் கடையில் நின்றார். இதை அவமானம் என்று நினைத்து அவர் முடங்கிவிடவில்லை. அந்த நாள்களில்தான் நீதிநூல்கள் எழுதினார். பழைய தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். 1917-ல் திருக்குறளுக்கு மணக்குடவர் உரையை வெளியிட்டார்.

தென்னாப்பிரிக்காவில் இருந்த இந்தியர்கள் அவருக்காகக் கொஞ்சம் பணம் திரட்டி காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். அது அவர் கைக்கு வந்து சேருவதற்குள் 1915-லும் 1916-லும் இருவருக்கும் இடையே பல கடிதங்கள். கடைசியில் வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. 10 லட்சம் ரூபாய்க் கம்பெனியை உருவாக்கியவருக்கு அந்தச் சில நூறு ரூபாய் அன்றைக்கு எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்பதை அந்தக் கடிதங்கள் காட்டுகின்றன.

1920-களில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி சன்னதைத் திரும்பப் பெற உதவினார். நன்றி மறக்காத வ.உ.சி. தன் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். ஆங்கிலேய ஆட்சியை அவ்வளவு எதிர்த்தவர், ஒரு நல்ல ஆங்கிலேயரின் பேரைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்தார். பகை ஆட்சியோடுதான், ஆளோடு அல்ல. கோவில்பட்டியிலும் பிறகு தூத்துக்குடியிலும் மறுபடி கோட்டுக்குப் போனார். பழைய வருமானம் வரவே இல்லை.

1936 நவம்பர் 18. தன் உயிர் காங்கிரஸ் அலுவலகத்தில் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால், தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கேயே கண் மூடினார். வயது 64. கொஞ்ச தூரத்தில்தான் அவர் கப்பல்கள் நின்ற கடல்.

அப்போ, தோற்றுவிட்டாரா?

பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்தால் ஆமாம். ஐந்து வருஷத்தில் மூடிய கம்பெனி. ஆனால், 1919-ல் பம்பாயில் சிந்தியா கம்பெனி தொடங்கி, எஸ்.எஸ். லாயல்டி கப்பலை லண்டனுக்கு அனுப்பியது. அவர்களும் விலைப்போரைச் சந்தித்தார்கள், ஆனால் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். அந்தக் கப்பல் கிளம்பிய ஏப்ரல் 5-ஐத்தான் இந்தியா தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறது. இந்தியன் கப்பல் ஓட்டுவானா என்ற சந்தேகத்துக்கு 12 வருஷத்துக்கு முன்பே தூத்துக்குடி பதில் சொல்லிவிட்டது.

2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பேர் வந்தது. இன்று அங்கே கன்டெய்னர்கள் மலைபோல் அடுக்கியிருக்கின்றன. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறி, கட்டுமானப் பொருள்களோடு தோணிகள் இப்போதும் கிளம்புகின்றன. மின்சாரக் கார் தொழிற்சாலை வந்துவிட்டது. பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. ஊர் மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது.

அதனால் அந்தப் பழைய கேள்வியும் திரும்ப வருகிறது. இந்த மாற்றத்தில் நாம் படகில் மூட்டை ஏற்றுகிறவர்களாகவே இருக்கப் போகிறோமா, 25 ரூபாய்ப் பங்காவது வாங்கப் போகிறோமா? உப்பளமோ, மக்ரூன் பேக்கரியோ, அப்பா காலத்து ஜவுளிக்கடையோ, ரூமில் உட்கார்ந்து நடத்தும் இன்ஸ்டா பேஜோ, எதுவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். நம் தொழில் ஓடுகிற கப்பல் யாருடையது? அவர் நாளைக்கு நிறுத்திவிட்டால் நம்மிடம் என்ன இருக்கும்?

புதுசாக யாராவது ஒருவர் நம் நடுவில் மூச்சை அடக்கி இறங்கத்தான் செய்வார். அது உங்கள் ஃப்ரெண்டாக இருக்கலாம், தங்கச்சியாக இருக்கலாம், உங்கள் கடையில் புது யோசனையோடு வந்து நிற்கும் பையனாக இருக்கலாம். அவர்களுக்குக் கைதட்டினால் மட்டும் போதாது. கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வ.உ.சி.க்கு அந்த ஊர் தரத் தவறியது அது ஒன்றுதான்.